ஒண்ணேகால்: ஒரு பட்டறைக்கல்லின் பூர்வீகம்

எங்கள் வீட்டுப் பட்டறைக்கல்லுக்கு, அதாவது பழுக்கக் காய்ந்த இரும்பை மேலே வைத்து அடிக்கும் இரும்புக் கட்டிக்கு, ஒரு பெயர் உண்டு: ஒண்ணேகால். “அதை எடுத்து ஒண்ணேகால் மேல வை” என்றுதான் பெரியப்பா சொல்வார். அவருடைய அப்பாவும், அதாவது என் தாத்தாவும், அப்படித்தான் சொல்வாராம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், ஒண்ணேகால் ரூபாய்க்கு வாங்கியதாம். அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்டதில்லை.

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். தாத்தா போட்ட கொல்லுப்பட்டறை. கருக்கரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி, கட்டைவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எல்லாம் அங்கே அடித்தார்கள். டயர் வண்டி வந்ததும் பட்டா வேலை போயிற்று, அறுவடை மெஷின் வயலில் இறங்கியதும் அரிவாள் போயிற்று. ஐந்து வருஷமாக உலை பற்றவைக்கவில்லை. போன தை மாதம் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கிட்டத்தட்டச் சரி சொல்லிவிட்ட நேரத்தில் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு மாசம் பொறுங்கள், இது எங்கே யார் செய்தது என்று பார்த்துவிடுகிறேன் என்றேன்.

பெரியப்பா சிரித்தார். “இரும்புக்கு ஏதுடா ஜாதகம்?”

இருந்தது. கல்லின் உடம்பிலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்க எனக்கு ஒரு மாசம் போதவில்லை, மூன்று மாசம் ஆயிற்று. இந்த மாதிரிக் கல் வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால், நான் போன வழியையும் இடறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உருவம். மூக்கு நுனியிலிருந்து வால்வரை 27 அங்குலம், உயரம் 11. சம்மட்டி விழும் மேல்பரப்பை நாங்கள் முகம் என்போம். அது நாலேகால் அங்குல அகலம். வால் பக்கம் ஒரு சதுர ஓட்டை, அதையொட்டி ஒரு சின்ன வட்ட ஓட்டை. மூக்கு தொடங்கும் இடத்தில் முகத்தைவிட ஒரு படி தாழ்ந்த சின்ன மேடை, உளி வைத்து வெட்டுவதற்கு. இடுப்பு ஒடுங்கி, கீழே நான்கு பாதம் விரிந்து நிற்கும். முகத்தின் நடுவில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் அடியில் மூன்று மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிகிறது. அவ்வளவு அடி வாங்கியிருக்கிறது.

இரும்பில் செய்ததை நாம் ஏன் கல் என்கிறோம்? உலைக்கல் என்ற சொல் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் கருங்கல்லின் மேல் வைத்துத்தான் அடித்திருப்பார்கள். பொருள் மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வீட்டில் மூன்று கதை

ஒண்ணேகால் ரூபாய் ஒன்று. இரண்டாவது, யாரோ ஒரு வெள்ளைக்கார துரை தாத்தாவின் வேலையைப் பார்த்து மெச்சி அன்பளிப்பாகக் கொடுத்தது என்பது. அதற்கு ஆதாரமாக முன்பாதத்தில் உளியால் வெட்டிய மூன்று ஆங்கில எழுத்தைக் காட்டுவார்கள்: எஸ், ஐ, ஆர். “சார்னு எழுதியிருக்கு பாரு.” மூன்றாவது கதை சின்ன அத்தை வீட்டுக்காரருடையது. திப்பு சுல்தானின் பீரங்கியை உருக்கி வார்த்த கல்லாம் இது.

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடலாம். திப்பு இறந்தது 1799இல். எங்கள் கல்லின் வாலில் இருக்கிற சின்ன வட்ட ஓட்டை, குதிரை லாடத்தில் ஆணித்துளை குத்தும்போது கருவி கீழே இறங்க இடம் கொடுப்பதற்கானது. அந்த ஓட்டை ஐரோப்பியக் கற்களில் பரவலாக வந்ததே ஏறக்குறைய 1820, 30களில்தான். அதற்கு முந்தைய கற்களில் சதுர ஓட்டை மட்டும் இருக்கும். தவிர, இது வார்த்த இரும்பே இல்லை, அடித்து ஒட்டிய இரும்பு. அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது கொஞ்சம் தள்ளி வரும். சின்ன மாமாவிடம் இதைச் சொன்னேன். “நீ படிச்சவன், சொன்னா சரிதான்” என்றார். கதையை இன்னும் விடவில்லை.

கோலமாவும் டார்ச்சும்

கல்லின் ஒரு பக்கத்தில் ஏதோ எழுத்து இருப்பது எல்லோருக்கும் தெரியும். நூறு வருஷத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே அப்பியிருந்தது. இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் சக்கரத்தை மாட்டி ஓட்டினேன். அரை நிமிஷத்தில் இரும்பு பளபளவென்று ஆயிற்று, மேல்வரியின் முதல் இரண்டு எழுத்தும் அதோடு போயின. துருவோடு துருவாக மிச்சமிருந்த தடம் அது. யாரும் இதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, கைபிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

அப்புறம் பெரியம்மாதான் வழி சொன்னார். “கோலமாவைத் தூவிப் பாரேன்.” வெள்ளைக் கல்மாவை எழுத்தின் மேல் தூவி உள்ளங்கையால் தேய்த்தால், பள்ளத்தில் மாவு நிற்கும், மேட்டில் நிற்காது. சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழுகிறது. டார்ச்சை இடமிருந்து வலம் நகர்த்த நகர்த்த, ஒரு எழுத்து எழும்பும், அடுத்தது மறையும். அண்ணன் மகன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

முதல் வரியில் கடைசி மூன்று எழுத்து: டி, ஈ, ஆர். இரண்டாவது வரியின் முடிவு: ஜி, எச், டி. மூன்றாவது வரியின் தொடக்கம்: பி, ஏ, டி. அதற்குக் கீழே ஒரு வட்டம். வட்டத்தின் மேல்வளைவில் ‘சாலிட்’ என்ற சொல் முழுசாகத் தெரிந்தது. கீழ்வளைவில் முதலில் டபிள்யூ, கடைசியில் மறுபடியும் ஜி, எச், டி. இடுப்பின் குறுக்கே, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, மூன்று எண்: 1, 1, 14.

ஜி-எச்-டி இரண்டு தடவை வருவது என்னைக் கொஞ்ச நாள் குழப்பியது. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்று ‘ரைட்’ என்ற குடும்பப் பெயர், இன்னொன்று ‘ராட்’, அடித்து உருவாக்கியது என்ற பொருள். ஆங்கிலத்தில் இரண்டும் டபிள்யூ, ஆரில் தொடங்கி ஜி, எச், டியில் முடியும். இதைப் பிரித்ததும் வட்டத்துக்குள் இருப்பது ‘சாலிட் ராட்’ என்று ஆயிற்று. முழுக்கவும் அடித்துச் செய்த இரும்பு என்ற உத்தரவாதம் அது.

ஒன்று, ஒன்று, பதினாலு

எண்ணைப் பார்த்ததுமே அண்ணன் மகன் துள்ளினான். “சித்தப்பா, டேட்! ஒண்ணு, ஒண்ணு, பதினாலு. 1914 ஜனவரி ஒண்ணாந்தேதி!”

சொன்னால் வெட்கம், மூன்று நாள் நானும் அதை நம்பினேன். புத்தாண்டு நாளில் பிறந்த கல் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பிறகுதான் இடித்தது. பட்டறைக்கல்லில் தேதி போடும் பழக்கம் பெரும்பாலான கம்பெனிகளுக்குக் கிடையாது. இங்கிலாந்தில் வில்லியம் ஃபாஸ்டர் என்ற பெயரில் வந்த கற்களில் வருஷம் இருக்கும், ஆனால் நான்கு இலக்கமாக. சுவீடனில் 1676இல் நங்கூரப் பட்டறையாகத் தொடங்கிய சோடர்ஃபோர்ஸ் ஆலையின் கற்களிலும் வருஷம் உண்டு, அதுவும் நான்கு இலக்கம்தான். நாளும் மாதமுமாக யாரும் அடித்ததில்லை.

மூன்று எண்ணை இடைவெளி விட்டு அடிப்பது இங்கிலாந்துக் கற்களின் எடைக் குறிப்பு. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட். அது 112 பவுண்டு. இரண்டாவது எண் அதில் கால்பங்கு, அதாவது 28 பவுண்டு எத்தனை என்பது. மூன்றாவது மிச்சப் பவுண்டு. நாலு கால் சேர்ந்தால் ஒன்று ஆகிவிடும் என்பதால் நடு எண் 3க்கு மேல் போகாது. கடைசி எண் 27க்கு மேல் போகாது.  இதே கல் 1, 3, 25 என்று இருந்திருந்தால், 1925 மார்ச் என்று யாராவது கிளம்பியிருக்கவும் கூடும்.

கணக்குப் போட்டேன். 112, 28, 14. மொத்தம் 154 பவுண்டு. கிலோவில் 69.85.

இதை பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் நம் சொற்கள் நினைவுக்கு வந்தன. பவுண்டுக்கு ராத்தல். ஹண்ட்ரட்வெயிட்டுக்கு அந்தர். இலங்கைத் தமிழர்களிடம் வெங்காய மூட்டை, உர மூட்டைக் கணக்கில் அந்தர் இன்னும் புழங்குகிறது. நம் பக்கம் 1956 சட்டத்தோடு கிலோ வந்து, 60களில் ராத்தலும் அந்தரும் கடைத்தெருவிலிருந்து மறைந்தன. பெரியப்பா அந்தக் காலத்துப் பையன்.

திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். “பெரியப்பா, அது தேதி இல்லை, எடை. ஒரு அந்தர், ஒரு கால் அந்தர், பதினாலு ராத்தல்.”

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“ஒண்ணேகால் அந்தரா?”

எனக்கு அந்த நொடி வரை உறைக்கவே இல்லை. நான் தனித்தனியாகச் சொன்னதை அவர்தான் கூட்டினார். ஒன்றும் காலும் ஒண்ணேகால். தாத்தா கல்லை அதன் எடையால் கூப்பிட்டிருக்கிறார், பெரிய ஒர்க்‌ஷாப்பில் பல கற்கள் வரிசையாக இருக்கும்போது வேலைக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி. எடைக்கணக்கு மாறியதும் அர்த்தம் உதிர்ந்து, பெயர் மட்டும் வாயில் நின்றுவிட்டது. வெறும் பெயர் நிற்க ஏதாவது வேண்டுமே, ரூபாய் வந்து ஒட்டிக்கொண்டது.

சரிபார்க்க வேண்டும் அல்லவா? புளியங்கட்டையிலிருந்து கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பி, நாலு பேர் தூக்கி டாடா ஏஸில் ஏற்றி, அதே பழைய இரும்புக் கடைக்கே கொண்டுபோனோம். எலக்ட்ரானிக் தராசில் 69.4 கிலோ. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேய்மானம். மூன்று மில்லிமீட்டர் குழிந்த முகத்துக்கும் உடைந்த ஓரங்களுக்கும் அது பொருந்துகிறது. விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பாவம்.

டட்லி

எடைக் குறிப்பே தேடலைப் பாதியாகச் சுருக்கிவிட்டது. அமெரிக்கக் கற்களில், உதாரணமாக நியூயார்க் புரூக்ளினின் ஹே-பட்டன், ஒஹையோவில் செய்த டிரென்டன் போன்றவற்றில், எடை ஒரே எண்ணாகப் பவுண்டில் இருக்கும். பாதத்தில் வரிசை எண்ணும் இருக்கும். ஹே-பட்டனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் உடுக்கை வடிவப் பள்ளம் தெரியும். எங்கள் கல்லின் அடி தட்டை. வார்ப்பு உடம்பில் எஃகு முகம் வைத்த ஃபிஷர் கற்களில் கழுகுச் சின்னம் இருக்கும். அவை அடித்தால் ஒலிக்காது, மொத்தென்று இருக்கும். எங்களுடையது கோயில் மணி மாதிரி. அந்தச் சத்தம் தாங்காமல்தான் பெரியப்பா அதன் இடுப்பில் ஒரு சங்கிலியைச் சுற்றி வைத்திருந்தார்.

ஆக, இங்கிலாந்து. அங்கேயும் இரண்டு பெரிய ஊர். ஷெஃபீல்டில் ரிவலின் ஆற்றங்கரையில் இருந்த மவுஸ்ஹோல் பட்டறை, எலிச் சின்னத்தோடு; ஆர்மிடேஜ் குடும்பத்தின் பெயரும் அதில் வரும். இன்னொன்று பர்மிங்காமுக்கு மேற்கே இருக்கும் டட்லி. டட்லியில் பல பேர் கல் செய்தார்கள். குயின்ஸ் கிராஸ் வில்கின்சன் ஒருவர். ரைட் என்ற பெயரிலேயே இரண்டு பேர் உண்டு: பீட்டர் ரைட், ஹென்றி ரைட். வெறும் ‘ஜி-எச்-டி’யை வைத்து இருவரில் யார் என்று சொல்ல முடியாது. நான் கிரைண்டரால் அழித்தது முதல் வரியின் தலையைத்தான், நல்லவேளையாக வால் தப்பியது. டி, ஈ, ஆர். ஹென்றி என்ற பெயர் ஆங்கிலத்தில் அப்படி முடியாது. பீட்டர் முடியும். மூன்றாவது வரி ‘பேட்டன்ட்’. பீட்டர், ரைட், பேட்டன்ட் என்று மூன்று வரி, கீழே வட்டத்துக்குள் சாலிட் ராட். இது டட்லி பீட்டர் ரைட் கம்பெனியின் முத்திரை. உலகத்தில் அதிகம் பரவிய பட்டறைக்கல் முத்திரைகளில் இதுவும் ஒன்று.

முத்திரை மட்டும் போதாது, உருவமும் ஒத்துப்போக வேண்டும். பீட்டர் ரைட் கற்களில் பாதங்களின் மேல், இடுப்பு வளைவு முடியும் இடத்தில், ஒரு விரல்கடை அளவுக்குத் தட்டையான படி இருக்கும். எங்கள் கல்லில் இருக்கிறது. மூக்கின் கீழேயும் வாலின் கீழேயும் இடுப்பில் ஒவ்வொரு சதுரக் குழி, கவிழ்த்தால் அடியில் இன்னொன்று. போல்ட் போட வைத்தது என்று அண்ணன் நினைத்திருந்தார். செய்யும்போது பழுக்கக் காய்ந்த உடம்பைத் தூக்கித் திருப்பக் கம்பி செருகிய துளைகள் அவை.

டட்லி ஏன் என்பதற்குப் பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. தெற்கு ஸ்டாஃபர்ட்ஷயரின் தடித்த நிலக்கரிப் படுகை, சில இடங்களில் முப்பது அடி, அந்த ஊரைச் சுற்றித்தான். இரும்புத்தாதுவும் அங்கேயே. உருக்கத் தேவையான சுண்ணாம்புக்கல், ஊருக்கு நடுவில் நிற்கும் கோட்டைக் குன்றுக்கு அடியிலேயே. புகையும் கரியுமாக இருந்ததால் அந்த வட்டாரத்துக்கே கறுப்பு நாடு என்று பெயர். பக்கத்து நெதர்டனில் ஹிங்லி கம்பெனி டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரத்தை 1911இல் செய்து, இருபது குதிரை பூட்டி டட்லி ரயில் நிலையத்துக்கு இழுத்துவந்தது. கிரேட்லி ஹீத்தில் பெண்கள் வீட்டுக் கொல்லையிலேயே உலை போட்டுச் சங்கிலி அடித்தார்கள்; 1910இல் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். நம் ஊரில் உலை முன்னால் நின்று துருத்தி இழுத்த பெண்களை எனக்குத் தெரியும், பெரியம்மாவே இழுத்தவர். அதனால் அந்தச் செய்தி எனக்குப் புதுசாகப் படவில்லை.

கல் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் தடயங்களைக் கண்ணால் பார்க்கலாம். துண்டு துண்டான இரும்பைக் கட்டி, உலையில் வெண்சூடு ஏற்றி, அடித்து ஒரே கட்டியாக ஒட்டவைப்பார்கள். மேல்பாதி தனி, பாதம் உள்ள கீழ்பாதி தனி. இரண்டையும் இடுப்பில் வைத்து ஒட்டுவார்கள். எங்கள் கல்லின் இடுப்பில் ஒரு பக்கம் நகத்தால் தடவினால் அந்த ஒட்டு ஒரு மெல்லிய கோடாகத் தட்டுப்படுகிறது. பிறகு முகத்துக்கு, ஏறக்குறைய அரை அங்குலத் தடிமனில் எஃகுத் தகடு. அதையும் உலைச் சூட்டில் அடித்தே ஒட்டி, கடைசியில் முகத்தை மறுபடி காய்ச்சி, வேகமாக ஓடும் தண்ணீரில் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். வெறுமனே தொட்டியில் முக்கினால் இவ்வளவு பெரிய உடம்பின் சூட்டில் நீராவி படர்ந்து எஃகு சரியாகப் பதமேறாது. எங்கள் கல்லில் ஓரம் உடைந்த இடத்தில் மேலே நெருக்கமான சாம்பல் நிற எஃகும், கீழே மரநார் மாதிரி இழை ஓடும் இரும்பும் தெரிகின்றன. அந்த இழைதான் அடித்து உருவான இரும்பின் அடையாளம், வார்ப்பிரும்பில் அது வராது. சின்ன மாமாவின் பீரங்கி அங்கேதான் உடைந்தது.

பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு அங்குலக் குண்டை, ஸ்கேலை நிறுத்திவைத்துப் பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தில் விட்டுப் பார்த்தேன். எட்டு அங்குலம் வரை எகிறியது. முகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தாழ்ந்த சின்ன மேடையில் விட்டால் சோர்ந்து விழுகிறது, அங்கே எஃகு கிடையாது. உளி வெட்டி இறங்கினாலும் உளிமுனை போகாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள்.

எந்தக் காலம்

பீட்டர் ரைட் கல்லில் ‘சாலிட் ராட்’ வட்டம் இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் அடித்திருந்தால் 1910ஐ ஒட்டியோ பிறகோ என்பது சேகரிப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எங்கள் கல்லில் கோலமாவு தூவி எவ்வளவு தேடியும் அந்தச் சொல் இல்லை, ஆகவே 1910க்கு முந்தையது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எந்த நாட்டில் செய்தது என்று பொருளில் எழுத வேண்டும் என்ற நெருக்கடி அமெரிக்கா 1890இல் போட்ட சுங்கச் சட்டத்திலிருந்து வந்தது. அந்த 1910 கணக்கும் அமெரிக்காவில் கிடைத்த கற்களைப் பார்த்துச் சொன்னதுதான். இந்தியாவுக்கு அனுப்பிய கல்லுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதே. அதனால் மேல்வரம்பு 1910 என்பதை நான் பென்சிலால்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

பேனாவால் எழுதக்கூடிய வரம்பு முன்பாதத்தில் இருந்தது.

எஸ், ஐ, ஆர். கோலமாவு அங்கேயும் வேலை செய்தது. எழுத்துகளுக்கு நடுவே இரண்டு புள்ளிகள். துரைக்கு மரியாதை எழுதுகிறவன் புள்ளி வைக்க மாட்டான். டட்லியில் அடித்த எழுத்துகள் அச்சு வைத்து அடித்தவை, ஒரே அளவு. இவை உளியால் கைபோன போக்கில் வெட்டியவை, கல்லை வாங்கிய இடத்தில் வெட்டியவை. நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் இதைப் படிக்க இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டும்: சவுத் இண்டியன் ரயில்வே.

நாகை அந்த ரயில்வேயின் தாய்வீடு. கிரேட் சதர்ன் ஆஃப் இண்டியா ரயில்வே நாகையிலிருந்து திருச்சிக்குப் பாதை போட்டு 1860களின் தொடக்கத்தில் வண்டி விட்டது. 1874இல் அது சவுத் இண்டியன் ரயில்வே ஆயிற்று. ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகையில்தான் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். ஒரே இடத்தில் குவித்ததால் ஆட்குறைப்பு வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். சிங்காரவேலர் அதில் முன்னால் நின்று சிறைக்குப் போனார். சவுத் இண்டியன் ரயில்வே என்ற பெயர் 1951இல் தெற்கு ரயில்வே உருவானதோடு முடிந்தது.

ஆக, இந்த எழுத்துகளை வெட்டியது 1874க்கும் 1951க்கும் நடுவில். முத்திரையையும் சேர்த்துப் பார்த்தால், 1874க்கும் 1910க்கும் இடையில் டட்லியில் செய்து, ரயில்வே வாங்கிய கல் என்பதுதான் மிகவும் பொருந்தி வருகிறது. முந்தைய கம்பெனி வாங்கி, பெயர் மாறிய பிறகு எழுத்து வெட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் பழசு.

எங்கள் பட்டறைக்கு எப்படி வந்தது என்பதற்கு பெரியப்பாதான் சாட்சி. இதுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எஸ்.ஐ.ஆர் என்றால் ரயில்வே என்று சொன்னதும், “அப்பா ஷாப்புல சம்மட்டி அடிச்சவர்டா” என்றார், இதைப் போய்த் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ற தொனியில். தாத்தா இருபது வயசில் நாகை ஷாப்பில் சம்மட்டி ஆள். ஷாப் பொன்மலைக்குப் போனபோது கூட வேலை செய்தவர்கள் பலர் குடும்பத்தோடு ரயிலேறினார்கள். தாத்தா போகவில்லை. காவிரித் தண்ணியை விட்டுவிட்டு மலையைப் போய்ப் பார்ப்பானேன் என்றாராம். பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்தக் கல்லை எடுத்து, மாட்டுவண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து பட்டறை போட்டார்.

ஏலச்சீட்டு எதுவும் வீட்டில் இல்லை. ஆனால் பெயரே ஒரு சீட்டு மாதிரிதான். பட்டறையில் ஒரே ஒரு கல் வைத்திருக்கிறவன் அதை எடை சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. ஒண்ணேகால், ரெண்டரை, மூணு என்று பல கற்கள் இருந்த இடத்தில் வேலை பார்த்தவன் வாயில்தான் அந்தப் பெயர் வரும்.

நான் இதைச் சொன்னபோது பெரியப்பா ஒப்புக்கொண்டார், முழுசாக இல்லை. “ஒண்ணேகால் அந்தர், சரி. ஒண்ணேகால் ரூபாயாவும் இருந்திருக்கலாம்ல?”

கல் விற்கவில்லை. அண்ணனுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் முகத்தை மட்டமாகச் சீவிப் புதுசு போலாக்கித் தருவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். இருக்கிறதே அரை அங்குல எஃகு. அதில் ஏற்கெனவே குழிந்தது போக, மட்டமாக்க இன்னும் மூன்று மில்லிமீட்டர் எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? அந்தக் குழியும் வீணில்லை. அரிவாளை நிமிர்த்த அதுதான் தோது என்கிறார் பெரியப்பா. தட்டையான முகத்தில் வைத்து அடித்தால் அடங்காமல் திமிறுமாம். எண்ணெய் மட்டும் தடவி, சங்கிலியை மறுபடி சுற்றி, புளியங்கட்டை மேல் ஏற்றிவிட்டோம்.

போன வாரம் போன் வந்தது. பட்டறை மூலையில் சாக்குக்கு அடியில் கிடக்கும், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பழைய கால் வைஸைப் பெரியப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம். திருகு நுழைகிற குழாயின் மேல் ஏதோ எழுத்து இருக்கிறதாம்.

“முதல்ல எஸ்ஸு, கடைசில ஏதோ பாக்ஸ்னு தெரியுது. நான் கிரைண்டர் போடலை. பெரியம்மாகிட்ட மாவு வாங்கி வெச்சிருக்கேன், டார்ச்சு நீ கொண்டா.”

பீட்டர் ரைட் கம்பெனி வைஸும் செய்தது, ‘சாலிட் பாக்ஸ்’ என்ற முத்திரையோடு. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.